தோற்றுக்கொண்டே இருக்கும் ஹாக்கி அணியைத் தூக்கி நிறுத்துவது எப்படி

ஐந்தாறு வருடமாக பிளேஆஃப் பக்கமே போகாத ஒரு என்ஹெச்எல் (வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) அணி உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் பாதி முப்பது வயதைத் தாண்டிய நாலைந்து பேருக்கே போய்விடுகிறது, கோலி, அதாவது கோல் காப்பவர், யார் என்பதே இன்னும் தீர்மானமாகவில்லை, ஒவ்வொரு கோடையிலும் ஒரு புது ஆளைக் கூட்டிவந்து காட்டி இந்த வருடம் வேறு மாதிரி இருக்கும் என்கிறார்கள், டிசம்பர் முடிவதற்குள் சீசன் முடிந்த மாதிரிதான். இதை எங்கே தொடங்கிச் சரிசெய்வது? நான் வெறும் ஐஸ் ஹாக்கி ரசிகன். ஆனால் எந்த அணி எழுந்தது, எது எழ முடியாமல் கிடந்தது என்பதெல்லாம் எல்லோர் கண் முன்னாலும் நடந்தவை, அவற்றைக் கவனித்தாலே பாதி வழி தெரிந்துவிடும். கடைசி இடத்துக்குப் போவது யாருக்கும் சுலபம். தோற்பதை எப்போது நிறுத்துவது என்பதில்தான் பல அணிகள் கோட்டை விடுகின்றன.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்ளுங்கள்

32 அணிகளில் வருடா வருடம் 17லிருந்து 22க்குள் வந்து நிற்கிற அணியின் நிலைமைதான் இருப்பதிலேயே மோசம். பிளேஆஃபும் கிடையாது, ட்ராஃப்டில், அதாவது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் சில இடங்களும் கிடையாது. இன்னும் ஒரே ஒரு ஆள் வந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே வருடங்கள் ஓடிவிடும். அங்கே நிற்கிறீர்கள் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. நியூயார்க் ரேஞ்சர்ஸ் 2018 பிப்ரவரியில் ரசிகர்களுக்கே கடிதம் எழுதியது: அணியை மாற்றியமைக்கப் போகிறோம், உங்களுக்குப் பழக்கமான முகங்கள் சில போகும். அந்த மாதமே கேப்டன் ரயன் மெக்டொனா டாம்பாவுக்குப் போனார். 2022ல் அந்த அணி கான்ஃபரன்ஸ் இறுதி (அரையிறுதி மாதிரி) வரை வந்தது. கடிதத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் சொல்லிவிட்டுச் செய்ததால் மேனேஜ்மென்ட்டுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது.

ரசிகர்களுக்கு முன்னால் முதலாளியிடம் பேசி முடித்துவிடுங்கள், அது இன்னும் முக்கியம். இரண்டு வருடம் பொறுத்துவிட்டு மூன்றாவது வருடம் பொறுமை இழந்து, பெரிய பெயர் ஒன்றை ஏழு வருட ஒப்பந்தத்தில் வாங்கிப் போடு என்று சொல்கிற முதலாளி இருந்தால் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

விற்பது, அதுவும் சரியான நேரத்தில்

ஒரு ஆட்டக்காரரை விற்பதாக, அதாவது வேறு ஆட்களுக்கோ ட்ராஃப்ட் இடங்களுக்கோ மாற்றுவதாக, இருந்தால் ஒரு வருடம் முன்னாடியே விற்றுவிடுங்கள். ஒப்பந்தத்தில் இன்னும் ஒன்றரை, இரண்டு வருடம் பாக்கி இருக்கும்போது கிடைக்கும் விலை வேறு, இப்படி ஆள் மாற்றுவதற்கான கடைசி நாளான மார்ச் மாத டிரேட் கெடுவுக்கு முதல் நாள் கிடைக்கும் விலை வேறு. அதற்காக அவசரப்பட்டு அடிமாட்டு விலைக்கும் தள்ளிவிடக் கூடாது. கொலராடோவில் ஜெனரல் மேனேஜராக இருந்த ஜோ சாகிக் இதை நடத்திய விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2016-17ல் அந்த அணி 82 ஆட்டத்தில் வெறும் 48 புள்ளி. அந்த அணியின் முக்கிய ஆட்டக்காரர் மாட் டுஷேன் போக விரும்புகிறார் என்பது ஊரறிந்த விஷயம். அப்படியிருந்தும் கேட்ட விலை வரும்வரை சாகிக் அசையவில்லை, எல்லோரும் திட்டினார்கள், 2017 நவம்பர் வரை இழுத்தடித்தார். கடைசியில் மூன்று அணிகள் சேர்ந்த டிரேடில் சாமுவேல் ஜிரார்டும் ஒட்டாவாவின் முதல் ரவுண்டு ட்ராஃப்ட் இடமும் இன்னும் சிலவும் வந்தன. அந்த இடம் 2019ல் நான்காவதாக வந்து விழுந்தது, அதில் எடுத்தது டிஃபென்ஸ்மேன் போவன் பைரமை.

இதிலிருந்து ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: தன்னை பலசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கிற அணியிடம் அதன் எதிர்கால முதல் ரவுண்டைக் கேளுங்கள், இடம் ரொம்ப முன்னால் வந்துவிட்டால் தரமாட்டோம் என்கிற மாதிரி எந்தப் பாதுகாப்பு நிபந்தனையும் இல்லாமல் கேளுங்கள். ஏனென்றால் அவர்கள் சரியப்போவது அவர்களுக்கே தெரியாது. அடிபட்ட ஒட்டாவாவே அடுத்த வருடம் இதைத் திருப்பிச் செய்தது. 2018ல் எரிக் கார்ல்சனை சான் ஹோசேவுக்குக் கொடுத்தார்கள், 2019ல் சான் ஹோசே கான்ஃபரன்ஸ் இறுதிவரை போனது, அதற்கடுத்த சீசனில் அப்படியே சரிந்தது, அவர்களுடைய 2020 இடம் மூன்றாவதாக வந்து ஒட்டாவாவுக்கு டிம் ஸ்டூட்ஸ்லே கிடைத்தார்.

விற்கும்போது சம்பளத்தில் பாதி வரை நீங்களே ஏற்றுக்கொள்ளலாம், விலை கூடும். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்குத்தான் அனுமதி, அதனால் கடைசி வரிசையான நாலாவது லைன் ஆளுக்கெல்லாம் இதைச் செலவழிக்காதீர்கள்.

காலியாக இருக்கும் சம்பள இடமும் சரக்குதான்

ஒரு அணி தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு 2024-25ல் 8.8 கோடி டாலர், 2025-26ல் 9.55 கோடி. நல்ல அணிகள் பலவும் அந்த வரம்பில் தலை முட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் தோற்கிற அணி, உங்களிடம் இடம் இருக்கிறது, அதை வாடகைக்கு விடுங்கள். 2019ல் டொராண்டோவுக்கு பாட்ரிக் மார்லோவின் கடைசி ஒரு வருடச் சம்பளம் தொண்டையில் சிக்கிக்கொண்டது. கரோலினா அதை வாங்கிக்கொண்டு கூடவே ஒரு முதல் ரவுண்டு இடத்தையும் வாங்கியது. அந்த இடத்தில் 2020ல் 13வதாக எடுத்த ஆள் செத் ஜார்விஸ். அரிசோனா 2016ல் ரஷ்யாவுக்கே திரும்பிவிட்ட பாவெல் டாட்சுக்கின் ஒப்பந்தத்தை டெட்ராய்ட்டிடமிருந்து ஏற்றுக்கொண்டு ட்ராஃப்டில் 20லிருந்து 16க்கு ஏறியது, ஜேக்கப் சிக்ரனை எடுத்தது. ஆடவே போகாத ஒருவருக்குக் காகிதத்தில் சம்பளம், கையில் ஒரு நல்ல டிஃபென்ஸ்மேன்.

பைஅவுட், அதாவது ஒப்பந்தம் முடியும் முன்பே பணம் கொடுத்து ஆளை அனுப்பிவிடுவதை, மட்டும் யோசித்துச் செய்யுங்கள். பாக்கி இருக்கும் வருடங்களைப் போல் இரண்டு மடங்கு காலத்துக்கு அது உங்கள் கணக்கில் உட்கார்ந்திருக்கும். மின்னசோட்டா 2021ல் பரிசே, சூட்டர் என்ற இரண்டு ஆட்டக்காரர்களையும் ஒன்றாக வெளியே அனுப்பிவிட்டு, 2023-24லும் 2024-25லும் வருடத்துக்கு சுமார் 1.47 கோடி டாலர் இடத்தை ஆளே இல்லாமல் இழந்தது.

ட்ராஃப்ட்: முதல் இடத்தை நம்பி வீடு கட்டாதீர்கள்

முதலில் எடுப்பது யார் என்பதை லாட்டரி குலுக்கித்தான் முடிவு செய்கிறார்கள். இப்போதுள்ள விதிப்படி கடைசி இடத்தில் முடிக்கிற அணிக்கு முதல் தேர்வு கிடைக்க 25.5 சதவீத வாய்ப்புதான், மூன்றாவதுக்குக் கீழே மட்டும் போகாது. அதாவது வேண்டுமென்றே தோற்று அடிமட்டத்துக்குப் போனாலும் நாலில் மூன்று முறை அந்த ஆள் வேறு யாருக்கோ போய்விடுவார். போதாததற்கு ஐந்து வருடத்தில் இரண்டு தடவைக்கு மேல் லாட்டரியில் ஜெயிக்கவும் முடியாது. முதல் தேர்வே கிடைத்தாலும்? எட்மண்டன் 2010, 2011, 2012 என்று மூன்று வருடம் தொடர்ந்து முதலாவதாக எடுத்தது: ஹால், நியூஜென்ட்-ஹாப்கின்ஸ், யாகுபோவ். அப்புறமும் 2016 வரை பிளேஆஃப் இல்லை, நடுவில் 2015ல் மெக்டேவிட் கிடைத்திருந்தும்கூட. இன்னொரு பக்கம், 48 புள்ளி எடுத்த அந்தக் கொலராடோ 2017 லாட்டரியில் நாலாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது, அழாத ரசிகர் இல்லை. அந்த நாலாவது இடத்தில் வந்தவர்தான் கேல் மக்கார், லீகின் மிகச் சிறந்த டிஃபென்ஸ்மேன்களில் ஒருவர்.

அதனால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். டாலஸ் 2017ல் மூன்றாவதாக ஹெய்ஸ்கனன், 26வதாக கோலி ஓட்டிங்கர், 39வதாக ஜேசன் ராபர்ட்சன் என்று ஒரே ட்ராஃப்டில் ஒரு அணிக்கு முதுகெலும்பையே எடுத்துவிட்டது. டாம்பாவின் குச்சரோவ் 58வது, பிரெய்டன் பாயின்ட் 79வது. இப்படிப்பட்ட ஆட்களைக் கண்டுபிடிப்பது ஊர் ஊராகப் போய்த் திறமை தேடுகிற ஸ்கவுட்கள், அவர்களுடைய சம்பளத்துக்கு எந்த உச்சவரம்பும் கிடையாது. ஆட்டக்காரர் மேல் செலவழிக்க முடியாத பணத்தை இங்கே கொட்டலாமே, ஏன் இதில் போய்க் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கோலிக்கு முதல் பத்து இடங்களில் ஒன்றைச் செலவழிப்பதை நான் விரும்ப மாட்டேன். ஹெல்லிபக் 130வது, ஷெஸ்டெர்கின் 118வது. வருடத்துக்கு ஒரு கோலியைப் பின்ரவுண்டுகளில் எடுத்துப்போட்டுக் காத்திருங்கள்.

எடுத்த பையனை உடனே மேலே இழுக்காதீர்கள். 18, 19 வயதுக்காரர் சீசனில் பத்து ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் அவருடைய மூன்று வருட ஆரம்ப ஒப்பந்தத்தில் ஒரு வருடம் கழியாது, தள்ளிப்போகும். டெட்ராய்ட் 2019ல் ஆறாவதாக எடுத்த மோரிட்ஸ் சைடரை ஒரு வருடம் தன் துணை அணியான கிராண்ட் ரேப்பிட்ஸில், அடுத்த வருடம் ஸ்வீடனில் ஆடவிட்டது. 2021-22ல் மேலே வந்தவர் அந்த சீசனிலேயே சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதை வாங்கினார்.

பஃபலோ ஏன் அவ்வளவு காலம் எழவில்லை

திறமை கிடைக்காததால் இல்லை. 2014-15ல் கடைசி இடத்துக்காக அவர்கள் எப்படித் தோற்றார்கள் என்றால், 2015 மார்ச்சில் சொந்த அரங்கிலேயே அரிசோனா ஓவர்டைமில் வெற்றி கோல் போட்டபோது பஃபலோ ரசிகர்கள் கைதட்டினார்கள். லாட்டரி எட்மண்டனுக்குப் போனது, மெக்டேவிட் கைநழுவினார், இரண்டாவதாக ஜாக் ஐக்கல் வந்தார். அப்புறம் 2018ல் முதல் தேர்வு டாலின், 2021ல் மறுபடி முதல் தேர்வு ஓவன் பவர். இவ்வளவு இருந்தும் 2011-12லிருந்து 2024-25 வரை 14 சீசன் பிளேஆஃப் இல்லை, என்ஹெச்எல் வரலாற்றிலேயே நீளமான வறட்சி.

அங்கிருந்து போனவர்களைப் பாருங்கள். ரயன் ஓ'ரெய்லி 2018 கோடையில் செயின்ட் லூயிஸுக்குப் போனார், 2019ல் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையும் பிளேஆஃபின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதும். ஐக்கல் வேகஸுக்குப் போய் 2023ல் கோப்பை. சாம் ரெய்ன்ஹார்ட் ஃப்ளோரிடாவுக்குப் போய் 2024 இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் வெற்றி கோலே அவருடையது. அப்படியானால் தேர்வில் கோளாறு இல்லை, தேர்ந்தெடுத்தவர்களைக் கொண்டுபோய் உட்கார வைத்த டிரெஸ்ஸிங் ரூமில்தான் கோளாறு. பஃபலோவை விட்டுப் போவதற்கு முன்பே ஓ'ரெய்லி, தோற்றுத் தோற்று ஆட்டத்தின் மேலிருந்த ஆசையே அவ்வப்போது போய்விட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். இருபது வயதுப் பையன்கள் அதே அறையில்தான் தொழில் கற்றுக்கொள்கிறார்கள், ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாவது பீரியடில் இரண்டு கோல் பின்தங்கினால் ஆட்டம் முடிந்தது என்பதும் அவர்கள் கற்றுக்கொள்ளும் பாடங்களில் ஒன்று.

ஆகவே எல்லோரையும் விற்காதீர்கள். ஒரு நம்பகமான இரண்டாம் லைன் சென்டர், இளம் டிஃபென்ஸ்மேனுக்குப் பக்கத்தில் நின்று அவன் தப்பை மூடுகிற ஒரு அனுபவசாலி, ஐந்து கோல் வாங்காமல் பார்த்துக்கொள்ளும் சுமாரான கோலி, இவ்வளவாவது இருக்கட்டும். வெளியிலிருந்து கொண்டுவந்தாலும் ஒன்று அல்லது இரண்டு வருட ஒப்பந்தம், மூன்றாவது வருடம் கேட்டால் கை குலுக்கி அனுப்பிவிடுங்கள். மார்லோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017ல் டொராண்டோ அவரைக் கொண்டுவந்ததில் இளம் நட்சத்திரங்கள் மாத்யூஸுக்கும் மார்னருக்கும் பக்கத்தில் ஒரு பெரியவர் கிடைத்தார், அது வரைக்கும் சரி. அந்த மூன்றாவது வருடத்தைக் கழற்றிவிடத்தான் முதல் ரவுண்டு இடத்தைக் கொடுக்க வேண்டி வந்தது.

எப்போது கியர் மாற்றுவது

என் கணக்கு இது: மூன்று மோசமான சீசன் வரை சகிக்கலாம், நாலாவது சீசனில் மார்ச் மாதம் அணி அர்த்தமுள்ள ஆட்டம் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். கொலராடோ 48 புள்ளியிலிருந்து அடுத்த சீசனே 95க்குப் போனது, அது எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் அவர்கள் அப்புறம் செய்ததை யாரும் செய்யலாம். 2016லேயே இளம் ஆட்டக்காரர் மெக்கினனை வருடத்துக்கு 63 லட்சம் டாலரில் ஏழு வருடத்துக்குப் பூட்டியிருந்தார்கள், அவர் உலகத்தரத்துக்கு வளர்ந்த பிறகும் அதே சம்பளம். அந்த மிச்சத்தில் 2019ல் டிரேடில் காட்ரி வந்தார், 2020ல் இரண்டே இரண்டு இரண்டாம் ரவுண்டு இடங்களுக்கு டெவன் டேவ்ஸ் வந்தார், 2022ல் கோப்பை வந்தது. ஆக, நல்ல இளைஞர் என்று உறுதியானதும் நீண்ட ஒப்பந்தத்தை முன்கூட்டியே போடுங்கள், இரண்டு வருட இடைக்கால ஒப்பந்தம் போட்டுத் தள்ளிப்போட்டால் அடுத்த முறை இரட்டிப்பாகக் கேட்பார், கேட்பதும் நியாயம்தான்.

கோச்சையும் அந்த நேரத்தில்தான் மறுபடி யோசிக்க வேண்டும். வளர்த்தெடுக்கிற ஆள் வேறு, ஜெயிக்க வைக்கிற ஆள் வேறாக இருக்கலாம். பிட்ஸ்பர்க் 2009 பிப்ரவரியில் கோச் தெரியனை மாற்றி பைல்ஸ்மாவைக் கொண்டுவந்தது, ஜூனில் கேப்டன் கிராஸ்பி கையில் ஸ்டான்லி கோப்பை.

அந்த நாலாவது வருடம் டிரேட் கெடு வரும்போது உங்கள் கான்ஃபரன்ஸில் பிளேஆஃபுக்குப் போகும் கடைசி இடமான எட்டாவது இடத்துக்கு இரண்டு புள்ளி தூரத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள், போன் அடித்துக்கொண்டே இருக்கும், மூன்று மாதத்துக்கு மட்டும் ஆடப்போகிற 32 வயது விங்கருக்கு முதல் ரவுண்டு கேட்பார்கள். கொடுக்காதீர்கள். இரண்டாம் ரவுண்டுக்கு, இன்னும் இரண்டு மூன்று வருடம் ஒப்பந்தம் பாக்கியுள்ள 25 வயது டிஃபென்ஸ்மேன் யாராவது சம்பள வரம்பில் மாட்டிக்கொண்ட அணியில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள், இல்லையென்றால் போனை வைத்துவிட்டு இருக்கிற பையன்களையே ஆட விடுங்கள்.