கயத்தாற்று நினைவுகளை எழுதி வைக்கும் முறை

மதுரை–திருநெல்வேலி நெடுஞ்சாலையில், 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் இறங்கி அவர் சிலையைக் கண்டு வந்த குடும்பங்கள், பெரியவர்கள் இருக்கும்போதே அந்நினைவுகளை எழுதி வைத்துவிட வேண்டும்.

"சிலை எப்படி இருந்தது?" என்று கேட்டால், "நல்லா இருந்தது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பழைய புகைப்படத்தைக் கையில் கொடுத்து, யார் யார் வந்தீர்கள், சாப்பாட்டுக்கு என்ன கட்டிக்கொண்டு போனீர்கள் என்று கேளுங்கள். எங்கள் ஆச்சி வாழையிலையில் கட்டிய புளியோதரையின் வாசத்திலிருந்துதான் தொடங்கினார்; சிலையை அண்ணாந்து பார்த்த தாத்தா, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டதை அப்போதுதான் அறிந்தோம்.

அவர்கள் சொன்ன சொல்லைத் திருத்தாமல் எழுதுங்கள். ஆண்டு நினைவில்லையெனில், அன்று இடுப்பிலிருந்த கைக்குழந்தையின் வயதைக் கொண்டு கணக்கிடலாம். படத்தின் பின்புறம் பெயர்களை மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும்.