வெயில் அல்ல, ஈரம்தான்: என் மரத்தரை அனுபவம்

கூடத்துக்கு 18 மி.மீ. தடிமனுள்ள முழு மரப்பலகைதான் வேண்டும் என்று பிடிவாதமாகப் போட்டேன். முதல் மழைக்காலத்திலேயே, வெறுங்காலில் நடந்தால் பலகைகளின் ஓரங்கள் உள்ளங்காலில் தட்டின. குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் நடுவில் பள்ளம், இரு ஓரமும் மேடு.

வெயில் செய்த வேலை என்றே நினைத்தேன். உண்மையில் ஈரம். மரம் ஈரத்தை இழுத்தால் அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. ஏசி ஓடும்போது காற்று உலரும், அணைத்ததும் புழுக்கம் திரும்பும். போதாததற்கு, நாலு பலகையைப் பெயர்த்து, கான்கிரீட்டின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, சுற்றிலும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டேன். மறுநாள் தாளின் அடியில் முத்து முத்தாக நீர்! அடியில் இருந்த கான்கிரீட்டிலிருந்தும் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது.

இழைத்துச் சமன் செய்துவிடலாம் என்றார்கள். நல்லவேளை, நான் கேட்கவில்லை. உப்பிய ஓரத்தை ஈரத்தோடு இழைத்தால், காய்ந்த பிறகு நடுப்பகுதி மேடாக நிற்கும்.

எல்லாவற்றையும் எடுத்து, தரை நன்றாகக் காய்ந்த பிறகு எஞ்சினியர்டு பலகை போட்டேன். மேலே அசல் மரம், அடியில் இழை மாற்றிக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகள். ஒன்று விரியப் பார்த்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். மேல் அடுக்கு மட்டும் 4 மி.மீ. இருக்கும்படி கேட்டு வாங்கினேன், ரொம்ப மெல்லியதைப் பிற்பாடு இழைக்க முடியாது. அப்புறம் அடியில் ஈரத்தடுப்புத் தாள், சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி.

இரண்டு மழைக்காலம் போயிற்று. கால் எங்கும் தட்டவில்லை.