தாம்பாளமும் ஒரு கைப்பிடி ஜவ்வரிசியும்

சேலத்தில் ஜவ்வரிசி இல்லாத வீடு ஏது? பாயசத்துக்குப் போக மிச்சமிருப்பதில் அரை டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றரை, நாலு வயதுக் குழந்தைக்கு அதுவே நல்ல பாடம்.

விளிம்புள்ள தாம்பாளத்தில் இரண்டு சின்ன எவர்சில்வர் டம்ளர்களை வையுங்கள். ஒன்றிலிருந்து மற்றதில் ஒருமுறை மெதுவாக ஊற்றிக் காட்டுங்கள், பேசாமல். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். கஷ்டம் இதில்தான். என் மகள் முதல்நாள் பாதியைச் சிந்தினாள். "நான் ஊத்தித் தரேன், கொடு சாமி" என்று அவள் அம்மாயி ஓடி வந்துவிட்டார். சிந்தினால் தாம்பாளத்தில்தானே கிடக்கும்! நாலாம் நாள் நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, ஒரு மணிகூடச் சிந்தாமல் ஊற்றினாள். உடனே திருப்பி ஊற்றினாள். பத்து தடவையாவது இருக்கும். நிறுத்தச் சொல்லாதீர்கள், பாராட்டிக் கலைக்கவும் வேண்டாம்.

மணிக்கட்டு பழகும், கவனம் நிற்கும். பென்சில் பிடிக்கும் விரல் பிடிப்புக்கு, ஸ்பூனால் அள்ளி மாற்றச் சொல்லுங்கள். கீழே விழுந்ததை அவர்களே பொறுக்கட்டும். அடுத்த கட்டம் தண்ணீர்.

1907-இல் ரோமில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் மழலையர் பள்ளியைத் தொடங்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, 1939-இல் சென்னை வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஊற்றிப் பழகுவது அவர் முறையில் முக்கியமான வேலை.

மூக்கில், வாயில் போட்டுக்கொள்ளும் வயதென்றால் ஜவ்வரிசி வேண்டாம், தண்ணீரே போதும். எதுவானாலும் பக்கத்திலேயே இருங்கள்.