மருந்து அடிக்கிறவர்களும் லெசென் குழப்பமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பூச்சிமருந்தோ களைமருந்தோ அடிக்க முதுகில் பம்பு மாட்டியவரிடம் "லெசென் இருக்கா?", அதாவது உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். "மண்டோர்கிட்ட இருக்கும்" என்று மேற்பார்வையாளரைக் காட்டுவார், இல்லையென்றால் "கொந்தரக்டர் பார்த்துக்குவாரு" என்பார். எந்த வேலைக்கான லெசென், யார் பெயரில் என்ற கேள்வி அங்கேயே அமுங்கிப் போகும். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

நம் நாட்டில் இதற்கு அடிப்படை 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். களைக்கொல்லியும் எலி மருந்தும்கூட அதற்குள்தான் வருகின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் செல்லுபடியாகும் ஒரே லெசென் அதில் கிடையாது. மருந்து விற்கவும், விற்பதற்காக இருப்பு வைக்கவும் 1988ஆம் ஆண்டு விதிகள். கரையான், கொசு, எலி ஒழிப்பைத் தொழிலாக நடத்த 2004ஆம் ஆண்டு விதிகள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற வேலையைச் செய்ய முடியாது.

பட்டணத்தில் அதிகம் நடக்கும் தவறு ஞாயிற்றுக்கிழமை வேலை. தோட்டத்தில் பல வருஷம் மருந்து அடித்தவரை, தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) யாரோ "வீட்டுல கரையான், வந்து அடிச்சுக் குடுங்கண்ணே" என்று கூப்பிடுகிறார்கள். கைச்செலவுக்கு ஆகுமே என்று அவரும் போகிறார். 2004ஆம் ஆண்டு விதிகளின்படி அந்தத் தொழிலை நடத்துகிறவருக்கு ஒரு லெசென், மருந்தைக் கையாளுகிறவருக்குத் தனி லெசென். தோட்டத்து அனுபவம் எத்தனை வருஷமானாலும் அதற்கு ஈடாகாது. வெட்டவெளியில் லாலான் புல்லுக்கு அடிப்பதும், குழந்தை தவழும் வீட்டின் அஸ்திவாரத்தில் மருந்து இறக்குவதும் வேறு வேறு வேலைகள். தோட்டத்து ஸ்டோரிலிருந்து மிச்ச மருந்தை எடுத்துப் போவது இன்னும் மோசம். எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு என்று லேபலில் அச்சிட்டிருப்பதை மீறி உபயோகிப்பதே சட்டப்படி குற்றம்.

அடுத்தது, மருந்தைப் பிரித்து ஊற்றுவது. பெரிய தொம்பிலிருந்து (டிரம்மிலிருந்து) குளிர்பானப் போத்தலில் ஊற்றி, "கொஞ்சமாத்தானே வேணும்" என்று கைமாற்றுகிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். அசல் லேபலில் எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், அடியில் நச்சுத்தன்மையைக் காட்டும் நிறப் பட்டை இருக்கும். அதிகக் கொடியதற்குக் கறுப்பு, அடுத்து சிவப்பு, பிறகு மஞ்சள், நீலம். போத்தலில் ஊற்றியதும் இது எதுவும் கூட வராது. பிள்ளை ஒரு மிடறு குடித்துவிட்டால், ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி என்றால் அந்த ஒரு மிடறே உயிரைக் கொண்டுபோய்விடும், அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. அது 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய இருப்பு எங்காவது மூலையில் கிடந்தால் "வீணாகப் போகுதே" என்று அடித்துத் தீர்க்காமல், ஓடையில் கொட்டாமல், விவசாய இலாகாவிடம் சொல்லுங்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: லெசெனின் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடையை மாற்றினால், பழைய தாளையே புதுச் சுவரில் மாட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வயிற்றெரிச்சலைத் தருவது வேறொன்று. முதலாளியிடம் ஏதோ ஒரு தாள் இருக்கிறது, ஆகவே தொழிலாளிக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்ற நினைப்பு. உடம்பைக் காப்பது வேறு சட்டம்: 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும், ரசாயனங்கள் பற்றிய 2000ஆம் ஆண்டின் விதிமுறைகளும். அவற்றின்படி தோட்டத்தில் ரசாயன ஆபத்து மதிப்பீடு நடந்திருக்க வேண்டும். அந்த மதிப்பீடு தேவை என்று காட்டினால், 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியில் மருத்துவக் கண்காணிப்பும் வேண்டும், அதன் செலவு முதலாளியுடையது. மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டு முகமூடி ஆகாது. துண்டு மருந்தை உறிஞ்சி முகத்தோடு ஒட்ட வைத்துக்கொள்ளும். மருந்து அடிக்கும் வேலையில் நம் பெண்கள் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள், இன்றும் இருக்கிறார்கள். கர்ப்பமாக இருப்பவரும் பால் கொடுப்பவரும் "சொன்னா வேலை போயிடும்" என்று மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வேறு வேலைக்கு மாற்ற அந்த விதிமுறைகளிலேயே வழி இருக்கிறது.

"நாங்க கொந்தரக்டர் ஆளுங்க, தோட்டத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்ல" என்பதும் தவறு. 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கும், அதே 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் திருத்தம், வேலையைக் குத்தகைக்கு விட்டவருக்கும் கடமை உண்டு என்கிறது.

ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிமருந்தைத் தொடுகிறவர்கள், வேலையில் சேரும் முன்பே, நரம்புகள் சரியாக வேலை செய்யத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பிறகு அளவு குறைந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த முதல் எண் வேண்டும். தலைசுற்றல், வாந்தி என்று கிளினிக் போகும்போது "காய்ச்சல் மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். நான் மருந்து அடிக்கிறவன், இன்று அடித்தது இது என்று சொல்லி, கைப்பேசியில் எடுத்த லேபல் படத்தைக் காட்டுங்கள். அது உங்கள் கிளினிக் கார்டில் பதிவாக வேண்டும். பின்னாளில் தொழில்சார் நோய் என்று பெர்கெசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கை வைக்க நேர்ந்தால், முதலில் தேடுவது அந்தப் பதிவைத்தான்.