மெழுகுவர்த்தி மணக்கவில்லையா? திரியைப் பாருங்கள்

முகர்ந்தால் மணக்கிறது, ஏற்றினால் ஒன்றுமில்லை. வீட்டில் மெழுகுவர்த்தி ஊற்றும் பலருக்கும் இதே குறைதான். உடனே வாசனைத் தைலத்தைக் கூட்டாதீர்கள். முதலில் திரி. ஏற்றி இரண்டு, மூன்று மணி நேரத்தில் உருகிய மெழுகு கண்ணாடிக் குவளையின் ஓரம்வரை பரவ வேண்டும். வாசனையைக் கிளப்புவதே அந்தப் பரப்புதான். நடுவில் மட்டும் குழி விழுந்தால் திரி மெல்லியது, அடுத்த தடிமனுக்குப் போங்கள்.

சோயா மெழுகு என்றால் 80 டிகிரி செல்சியஸ் பக்கம் தைலத்தை ஊற்றி, 2 நிமிடம் நிதானமாகக் கிளறுங்கள். 1 கிலோவுக்கு 60 முதல் 80 கிராம் போதும். தராசில் நிறுத்துதான், மூடிக் கணக்கெல்லாம் வேண்டாம். கூடிப்போனால் மேலே எண்ணெய் வியர்க்கும்.

நம் ரீயூனியன் தீவில் மைதோ மலைப்பக்கம் வடிக்கும் ஜெரானியம் தைலத்துக்கு ஈடில்லை. எலுமிச்சை மாதிரி சட்டென்று பறந்துவிடாது. கொஞ்சம் வெட்டிவேர்த் தைலமும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம், ஊற்றிய மறுநாளே ஏற்ற வேண்டாம். தீபாவளிக்கென்றால் இரண்டு வாரம் முன்பே ஊற்றி மூடி வையுங்கள். ஏற்றிப் பார்ப்பதும் வீட்டுக்குள்தான். காற்றோட்டமான வராந்தாவில் எந்த மணமும் நிற்காது.