நிதி திரட்டும் சிரிப்பு விழா: தொகுப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் வட்டாரத்தில் வருஷந்தோறும் யாராவது ஒரு சிரிப்பு விழா வைத்து மருத்துவ உதவிக்குப் பணம் திரட்டுகிறார்கள். தொகுத்து வழங்க ஒவ்வொரு முறையும் புது முகங்கள் வருகின்றன. தவறுகள் மட்டும் நாங்கள் மேடையேறிய காலத்துப் பழைய சரக்கு. மைக்கைத் தட்டுவது, விருந்தினர் பெயரைக் கோட்டை விடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை இரண்டு மேடை பார்த்தால் தானாகச் சரியாகிவிடும்.

வசூலைக் கடைசிக்குத் தள்ளுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. சில வருஷங்களுக்கு முன் காட்பாடிப் பக்கம் ஒரு மைதானத்தில், டயாலிசிஸ் நோயாளிகளுக்காக நடந்த விழா. தொகுப்பாளர் கெட்டிக்காரப் பையன், வாயைத் திறந்தாலே கைதட்டல். நிதி வேண்டுகோள் ஒன்பது மணிக்கு என்று நிரலில் இருந்தது. "சார், கூட்டம் நல்ல மூடில் இருக்குது. இப்போ காசு கேட்டா ஆறிப்போயிடும், கடைசியில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சென்னையிலிருந்து வந்திருந்த முக்கியக் கலைஞரை மேடைக்கு அழைத்துவிட்டான்.

அவர் வெளுத்துக் கட்டினார். கடைசி ஜோக்குக்குக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எழுந்தவர்கள் உட்காரவே இல்லை. குடியாத்தம், ஆம்பூர் போகிறவர்களுக்கு பஸ் கவலை. மற்றவர்களுக்குத் தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போடும் வேலை. "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று பையன் மைக்கில் கத்துகிறான். சிகிச்சையில் இருக்கும் ஓர் அம்மா, பேசுவதற்கு எழுதி வைத்த தாளை நான்காக மடித்துக் கையில் பிடித்தபடி மேடையோரம் நிற்கிறார். அவர் கையில் மைக் வந்தபோது மணி பத்து. திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. சவுண்ட் சர்வீஸ்காரர் இணைப்பைப் பிடுங்கிவிட்டார். உண்டியலில் விழுந்தது பந்தல் வாடகைக்கே போதவில்லை.

நம் வட ஆற்காட்டுத் தெருக்கூத்தைப் பாருங்கள். கட்டியங்காரன் விடிய விடிய கேலி பேசுகிறவன்தான். ஆனால் யாராவது கலைஞருக்குப் பணம் கொடுத்தால், ஆட்டத்தை அங்கேயே நிறுத்தி, இன்னார் இவ்வளவு தந்தார் என்று சபையறியச் சொல்லிவிட்டுத்தான் கதைக்குத் திரும்புவான். பொழுது விடிந்து எல்லோரும் பாயைச் சுருட்டும் வரை காத்திருக்க மாட்டான். பிரிட்டனில் 1985-இல் தொடங்கிய காமிக் ரிலீஃப் அமைப்பின் வழியும் இதுதான். 1988 பிப்ரவரி 5 அன்று அவர்களின் முதல் ரெட் நோஸ் டே நிதி திரட்டும் நிகழ்ச்சி பிபிசியில் ஒளிபரப்பானது. சிரிப்பு, நடுவே கஷ்டப்படுகிறவர்களைப் பற்றிய குறும்படம், பணம் கேட்டு வேண்டுகோள், மறுபடி சிரிப்பு. அந்த முதல் தடவையே ஒன்றரைக் கோடி பவுண்டு திரண்டது.

ஆகவே வேண்டுகோளின் இடம் முக்கியக் கலைஞருக்கு நேர் முன்னால். அவருக்காகக் காத்திருக்கும் கூட்டம் எழுந்து போகாது. பாதிக்கப்பட்டவர் மூன்று நிமிடம் பேசட்டும். பேசி முடித்த கையோடு உண்டியலும் க்யூஆர் அட்டையும் வரிசைகளுக்குள் போக வேண்டும். ஆட்களை முன்கூட்டியே நிறுத்தி வையுங்கள். அந்த ஐந்து நிமிடம் தொகுப்பாளர் வாயே திறக்கக் கூடாது. சும்மா நிற்பது கஷ்டம்தான், பழகிக்கொள்ள வேண்டும்.

இரண்டு தொகுப்பாளர், ஒரே வேலை

இருவரும் மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டிருந்தால் வேண்டுகோளை யார் வைப்பது? ஒருவருக்குக் கேலி, மற்றவருக்கு வேண்டுகோள் என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் மாமியார் ஜோக் சொன்ன வாய் "சிறுநீரகம்" என்று ஆரம்பித்தால், கூட்டம் அதற்கும் சிரிக்கும். சிரித்ததைப் பார்த்திருக்கிறேன்.

வெளியூர் நோயாளிகளைக் கிண்டல் செய்வது

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிக் கடைப் பலகைகள் வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கின்றன. அங்கே வரும் வெளியூர் நோயாளிகள் பேசும் அரைகுறைத் தமிழை நடித்துக் காட்டினால் கைதட்டல் நிச்சயம். லாட்ஜில் தங்கி, மின்சார அடுப்பில் தானே சமைத்துக்கொண்டு சிகிச்சைக்குக் காத்திருக்கிறவர்கள் அவர்கள். நீங்கள் நீட்டும் உண்டியல் யாருக்காக?

கோட்டை ஜோக்

வேலூர் என்றால் ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில். போதும். ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக்குள் இருக்கும் தன் கோயிலுக்குத் திரும்பிவிட்டார்.

பொன்னாடை

மேடையில் வேண்டாம்.

ரசீது

வருமான வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது உண்டு என்று அறிவிக்கும் முன், அமைப்புக்கு அந்தப் பதிவு இருக்கிறதா என்று செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிச்சலுகை கிடையாது. அதனால் முன்வரிசையில் யாராவது நோட்டுக் கட்டை எடுத்து எண்ண ஆரம்பித்தால், மைக்கில் அவரைப் புகழ்வதற்கு முன் க்யூஆர் அட்டையை அவர் பக்கம் அனுப்புங்கள்.