நெட்குரூப்பில் காலியாக விட்ட இடம் யாருக்கு?

லினக்ஸ் கணினிகள் நிறைய இருக்கும் நெட்வொர்க்கில், யார் எதற்குள் நுழையலாம் என்று கணினிக்குக் கணினி தனியாக எழுதி மாளாது. அதற்குத்தான் நெட்குரூப். ஒரு பெயருக்குள் பயனர்களையோ ஹோஸ்ட்களையோ (அதாவது கணினிகளையோ) சேர்த்து வைத்தால், அனுமதி தரும் இடத்தில் அந்தப் பெயரை மட்டும் எழுதினால் போதும்.

உள்ளே ஒவ்வொரு பதிவும் 3 பகுதிகளாக இருக்கும்: (ஹோஸ்ட், பயனர், டொமைன்). பயனர் குழு அமைப்பவர் பெரும்பாலும் (,குமார்,) என்று எழுதிவிடுவார். ஹோஸ்ட் தேவையில்லை, அதனால் காலி என்பது அவர் கணக்கு. நெட்குரூப்பின் கணக்கு வேறு. அங்கே காலியிடம் என்றால் 'எதுவானாலும் சரி'.

பயனரை மட்டும் சோதிக்கும்வரை இதனால் வம்பில்லை. பிறகு ஒருநாள் யாரோ, எந்த அடைவை (ஃபோல்டரை) நெட்வொர்க் வழியே யாருக்குப் பகிர்வது என்று சொல்லும் என்எஃப்எஸ் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் அதே குழுவின் பெயரை @ போட்டு எழுதுகிறார். அங்கே பார்ப்பது ஹோஸ்ட் பகுதியைத்தான். அது காலி என்பதால், எந்தக் கணினி வந்து கேட்டாலும் அந்த அடைவு மவுண்ட் ஆகும், அதாவது அந்தக் கணினியில் இணைந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது, எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே இருக்கும். 'யாருமில்லை' என்று சொல்ல ஒரு சிறுகோடு போட வேண்டும்: (-,குமார்,). வெப்1 என்ற கணினியைச் சேர்க்கும் ஹோஸ்ட் குழுவானால் (வெப்1,-,). குழுவின் பெயரிலேயே பயனரா ஹோஸ்டா என்று காட்டிவிடுவதும் நல்லது.

(வெப்1,குமார்,) என்று இரண்டையும் ஒன்றாக எழுதினால் 'குமார் வெப்1-இல் மட்டும்' என்று ஆகிவிடும் என நம்புகிறவர்களும் உண்டு. சோதிக்கும் நிரல் பயனர் பகுதியை மட்டும் கேட்டால், வெப்1 வெறும் அலங்காரம்தான். ஹோஸ்ட் குழு தனி, பயனர் குழு தனி என்று வைத்துக்கொண்டு, அனுமதி விதியில் இரண்டையும் இணைப்பதே சரி.

எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் இன்னொரு பழைய பொறி: குழுப் பெயருக்கும் அனுமதிகளை எழுதும் அடைப்புக்குறிக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்தால், அந்த அனுமதிகள் குழுவுக்குப் போகாமல் எல்லாருக்கும் போய்விடும்.

அப்புறம், ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். பயனர், குழு விவரங்களைச் சர்வரிலிருந்து வாங்கித் தரும் எஸ்எஸ்எஸ்டி என்ற நிரல், பழைய பதிவை இயல்பாக 5400 வினாடி, அதாவது ஒன்றரை மணி நேரம், கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்திருக்கும். அதைக் கையால் அழிக்க வேண்டும். ஏற்கெனவே லாகின் ஆகியிருப்பவரின் அமர்வு அப்போதும் தானாக அறுந்துவிடாது, அதையும் நீங்கள்தான் முடித்துவைக்க வேண்டும்.